சந்தனம் பிடித்துக்கொண்ட ஸ்டீயரிங்

போன சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் ஒரு குஸ்தி நடந்தது.

ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். இன்னொரு பக்கம் எங்கள் பழைய வேனின் ஸ்டீயரிங். வண்டிக் கணக்கில் பார்த்தால் அதுவும் எழுபதைத் தாண்டியதுதான். டேஷ்போர்டில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, "ம்ம்ம்..." என்று இழுக்கிறார். முகம் சிவக்கிறது. பனியன் நனைகிறது. ஸ்டீயரிங்? நம் மாநகர பஸ் மாதிரி – வருவதாகவே தெரியவில்லை.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஏங்க, தேவியப் பெத்தப்ப நான்கூட இவ்வளவு சத்தம் போடல."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு, சரசு. அந்தச் சுத்தியல எடு."

"எதுக்கு? உங்க முட்டியத் தட்டவா?"

பழைய வாசகர்களுக்கு இந்த வேனைத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சொல்கிறேன் – நான் இங்கே மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் மட்டம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைக் கணக்குப் போட்டால், எந்த ஹெட்மாஸ்டரும் என் பக்கத்தில் வர முடியாது! கேட் வரைக்கும் போவேன், உள்ளே போக மாட்டேன். அதனால்தான் புத்தி இன்னும் தெளிவாக இருக்கிறது.

கண்ணில் புரை விழுந்தபோது வேனை நிறுத்தினேன். புரையை எடுத்தாச்சு. வேலையைத் திருப்பிக் கொடுக்கத்தான் யாரும் வரவில்லை. வேறு வேன்கள் வந்துவிட்டன. என் பிள்ளைகள் அதில் ஏறிப் போய்விட்டார்கள்.

இப்போதும் இருட்டு பிரிவதற்குள் விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்ய? படுத்தே கிடப்பேன். கால் மட்டும் போர்வைக்குள் கிளட்சைத் தேடும்...

சில நாள் காலையில் போய் வேனில் உட்கார்ந்துகொள்வேன். சாவி போட மாட்டேன். சும்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம். பின்னால் சண்டை இல்லை. "ஆன்டி, இவன் என் ரப்பர எடுத்துட்டான்" என்று யாரும் அழுவதில்லை. யாரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை சீட்டில் கொட்டுவதில்லை. இதற்காகத்தானே அந்தக் காலத்தில் ஏங்கினேன் – ஒரு நாளாவது வேன் அமைதியாக இருக்காதா என்று? இப்போது இருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

சரி, குஸ்திக்கு வருவோம். அது ஆரம்பித்தது எங்கள் மகள் தேவியால். அவள் பூச்சோங்கில் இருக்கிறாள். போன மாதம் வந்தபோது காரை ரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"அந்தத் தகர டப்பாவ இன்னும் எவ்வளவு நாளைக்கு வெச்சிருப்பீங்க? எனக்கு பார்க்கிங்கே இல்ல. மேல மழத் தண்ணி நிக்குது, கொசு முட்ட போடுது. டெங்கிக்காரன் வந்தா சம்மன் லா! வித்துடுங்கப்பா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதர்தான் ஓடாத வேனுக்கு வருஷா வருஷம் ரோட் டாக்ஸ் கட்டுகிறவர். வாரத்துக்கு ஒரு தடவை எஞ்சினைப் போட்டு உறும விடுகிறவர். கண்டிப்பாக 'வேணாம்மா' என்பார் என்று காத்திருந்தேன்.

"உங்க அம்மா சரின்னா எனக்கும் சரி" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கென்ன? அப்பா சரின்னா சரி."

முடிந்தது. நம் வீடுகளில் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தானே எடுக்கப்படுகின்றன?

வேன் என் பெயரில். நான் கட்டைவிரலை வைக்காமல் அது கை மாறாது. விரலை மடக்கிக்கொண்டு 'மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டால்? 'போர்வைக்குள் கால் கிளட்சைத் தேடுது' என்றா சொல்வது? மகள் அன்றைக்கே என்னை டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள்.

வாங்க வந்தவர் ராவாங்கைச் சேர்ந்த குமார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் சுட்டு விற்கிறவர். நல்ல பிள்ளை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சீட்டெல்லாம் கழட்டிட்டு அடுப்பு வெக்கலாம் ஆன்டி" என்றார். என் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் அடுப்பா! "வெச்சுக்குங்க தம்பி, இடம் நெறைய இருக்கு" என்றேன்.

ஒரே ஒரு குறை. ஹார்ன் அடிக்கவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷன்ல ஹார்ன் பார்ப்பாங்க, அங்கிள். அத மட்டும் சரி பண்ணி வைங்க. அடுத்த ஞாயித்துக்கிழம காலையில வரேன்."

ஒர்க்ஷாப் ஃபோர்மேனிடம் விட்டால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டு ஐயா போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டியவர். கப்பல் சரக்கை இறக்கியவருக்கு ஒரு ஸ்டீயரிங்கை இறக்கத் தெரியாதா? போனில் வீடியோ பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் நட்டைக் கழட்டினார், உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினார், ஸ்டீயரிங் தோசை மாதிரி கையோடு வந்துவிட்டது.

"பார்த்தியா? அவ்வளவுதான் வேல."

பேட்டரி ஒயரைக் கழட்டினார். (உங்கள் வண்டி புதுசாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கும், அது விளையாட்டுச் சாமான் இல்லை. எங்கள் கிழட்டு வேனில் அந்த வசதி எல்லாம் கிடையாது. முன்னால் வருவது முழுக்கக் கடவுள் பொறுப்பு.) நடுவில் இருக்கும் ஹார்ன் மூடியை நெம்பி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க? பல்லி செத்துக் கெடக்கா?"

எழுந்து போய்ப் பார்த்தேன்.

உள்ளே நட்டைச் சுற்றி, பள்ளம் எல்லாம் நிறைந்து, வெளிர் மஞ்சளாக ஏதோ காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. துருவும் அதுவும் கலந்து, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

"என்னது இது? சிமெண்டா?"

"மழத் தண்ணி உள்ள போய் ஊறியிருக்கும்" என்று முனகிக்கொண்டே நட்டைக் கழட்டினார். முழுசாகக் கழட்டி கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலை முட்டுக்கொடுத்து... அந்தக் குஸ்தியில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

சுத்தியலும் அடித்துப் பார்த்தார். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் அடித்துப் பார்த்தார். சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு அங்கிள் லிம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த சீனர். மூன்று பாஷையை ஒரே தட்டில் பிசைந்து பேசுவார்.

"ஐயோ ஐயா! நட்டு மானா? நட்டு எங்க?"

"பையில இருக்கு."

"பையில வெச்சா எப்படி லா! திரும்பப் போடு, கொஞ்சம் மட்டும் போடு. நீ இழுக்கும்போது வீல் திடீர்னு வந்தா உன் பல்லு எல்லாம் போயிடும்!"

"அவர் பல்லு குசினியில கிளாஸ்ல இருக்கு, அங்கிள். அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

வீட்டில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இதுதான் – நட்டை முழுசாகக் கழட்டாதீர்கள். நாலு மரை நிற்கட்டும். பிடிவாதமாக இருக்கிற சாமான், வரும்போது சொல்லிக்கொண்டு வராது.

அங்கிள் லிம் ஒரு புல்லரைக் கொண்டுவந்தார். இரும்புப் பட்டை. இரண்டு பக்கமும் போல்ட் போட்டு ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டு, நடுவில் இருக்கிற போல்ட்டைத் திருகத் திருக அது தண்டைத் தள்ளி ஸ்டீயரிங்கைத் தூக்கும். ஆனால் போல்ட் போகிற ஓட்டையெல்லாம் அந்த மஞ்சள் சமாச்சாரம் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஊசி மாதிரி ஏதாச்சும் இருக்கா, ஆன்டி?"

இருக்காதா? தாலிக்கொடியில் தொங்குகிற ஊக்குகள் எதற்கு இருக்கின்றன? ஒன்றைக் கழட்டி நானே குடைய ஆரம்பித்தேன். பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"துணிய சுடு தண்ணில நனைச்சு சுத்துங்க. சூடு பட்டா கொஞ்சம் விடும்" என்றார் அங்கிள் லிம்.

கெட்டிலில் தண்ணீர் வைத்து, துணியை நனைத்து, நடுத்தண்டைச் சுற்றி வைத்தேன். ஆவி கிளம்பியது.

சந்தன வாசம்.

சந்தனமும் பன்னீரும். ஸ்ப்ரே நாற்றத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு முகத்துக்கு நேராக வந்தது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவரும் திரும்பிக்கொண்டார். அங்கிள் லிம் மட்டும் மூக்கைச் சுருக்கி, "கோயில் மாதிரி இருக்கே?" என்றார்.

"மழத் தண்ணியாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ம்."

"மழத் தண்ணிக்கு சந்தன வாசம் வருமா?"

"அந்தக் காலத்து மழ" என்றார், என் பக்கம் பார்க்காமல்.

உங்களுக்கு விளங்க வேண்டும் என்றால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவருக்கு போர்ட்டில் நைட் ஷிஃப்ட். எனக்குக் காலை வேன். அவர் மோட்டார் சைக்கிளை போர்ச்சில் ஏற்றும் நேரத்தில் நான் வேனில் உட்கார்ந்து எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருப்பேன். பகலில் நான் வரும்போது அவர் குறட்டை. மத்தியானப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் வீடு வருவதற்குள் அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொந்தக்காரர், கல்யாணம், கோயில். எங்கள் இரண்டு பேருக்கும் என்று இருந்தது அந்தக் காலை நேரம்தான் – ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம். அவர் கடையில் கட்டி வந்த தேத்தண்ணிப் பையை ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் உறிஞ்சுவேன்.

"தேவிக்கு சளி."

"மருந்து?"

"குடுத்துட்டேன். கேஸ் முடிஞ்சிருச்சு."

"சொல்றேன்."

இதுதான் எங்கள் காதல் வசனம்!

வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்று கூடுதல். பைப்பில் கை கழுவிவிட்டு, உள்ளே போய் சந்தனம் குழைத்து எடுத்து வருவார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஸ்டீயரிங் நடுவில், ஹார்ன் மேலேயே, ஒரு பெரிய பொட்டு. அதன்மேல் குங்குமம். அப்புறம் பன்னீர்ச் செம்பை எடுத்து, வண்டிக்கும் எனக்கும் சேர்த்து ஒரு தெளி. என் கை ஸ்டீயரிங்கில் இருக்கும். அவர் கை அதற்கு மேலே போய் வரும். கிரீஸ் வாசமும் சந்தன வாசமும் சேர்ந்து அடிக்கும்.

"ஹார்ன் கெட்டுடப் போகுது, இப்படி ஊத்துறீங்க!"

"பார்த்துப் போ."

அவ்வளவுதான். அவர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளில் முக்கால்வாசி அந்த 'பார்த்துப் போ'தான்.

அவர் ஊற்றியதெல்லாம் எங்கே போயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொட்டுச் சொட்டாக மூடிக்குள் இறங்கி, தண்டைச் சுற்றி இறுகி, ஹார்ன் தகட்டையும் அரித்து... உட்கார்ந்திருக்கிறது. அந்த வெள்ளைக்காரருக்கு ரெண்டு தட்டில் வந்தது இவருக்கு ஏன் வரவில்லை? வெள்ளைக்காரர் வண்டிக்கு வெள்ளிக்கிழமை கிடையாதே!

இப்போது எங்களுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. அவர் டிவி முன்னால். நான் போன் முன்னால். கோபம் ஒன்றும் இல்லை. அந்தத் தேத்தண்ணி நேரத்துக்குள் பேசி முடித்தே பழகிவிட்டோம். இவ்வளவு பெரிய பகலை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நேரம் இல்லாதபோது இருந்த புருஷன், நேரம் வந்ததும் எங்கே போனார்? இதைப் படிக்கிற ஓய்வு பெற்ற தம்பதிகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கதைதானா? பதில் சொல்ல வேண்டாம்... பக்கத்தில் அவர் இருப்பார்.

அங்கிள் லிம் விஷயம் தெரிந்தவர். கழட்டுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கோடு கீறினார் – பாதி தண்டின் மேல், பாதி ஸ்டீயரிங் மேல்.

"உள்ள பல்லு பல்லா இருக்கும். திரும்ப மாட்டும்போது ரெண்டு கோடும் நேர் நேரா வரணும், ஐயா. ஒரு பல்லு தப்பினாலும் செங்கெட் ஆயிடும்."

செங்கெட் என்றால் கோணல். எங்கள் ஐயா தலையாட்டினார். அவருக்கு நேர்கோடு சொல்லித்தர வேண்டுமா? காலண்டரை மாட்டும்போது அளவு நாடா பிடிக்கிற ஜாதி. வாசலில் என் செருப்பு கொஞ்சம் திரும்பிக் கிடந்தாலும் காலால் சரி பண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நடு போல்ட்டைத் திருகினார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர். கீச்... கீச்... பிறகு சத்தமே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திடீரென்று – 'டங்!' பட்டாசு வெடித்த மாதிரி. ஸ்டீயரிங் துள்ளி வந்து நட்டில் இடித்து நின்றது. நட்டு இல்லாமல் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் மூக்கு குமாருக்கு முன்னால் ராவாங் போய்ச் சேர்ந்திருக்கும்.

அங்கிள் லிம் கை தட்டினார். நான் தட்டவில்லை. அது வந்துவிட்டது என்றால் அடுத்து ஹார்ன் வேலை செய்யும். ஹார்ன் வேலை செய்தால் குமார் எடுத்துக்கொண்டு போவார். அந்த ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று இருந்தது எனக்கு.

பின்பக்கம் ஒட்டியிருந்த சந்தனத்தை அவர் கத்தியால் சுரண்டி நியூஸ்பேப்பரில் சேர்த்தார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அதைத் தாண்டி நடந்துபோய், செம்பருத்திச் செடி அடியில் கொட்டிவிட்டு வந்தார். நான் பார்க்காத மாதிரி கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் அவர் தனியாகவே உட்கார்ந்து தகட்டைத் தேய்த்து, ஒயரைச் சரி பண்ணி, ஸ்டீயரிங்கைத் திரும்ப மாட்டினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நான் குசினியில் இருந்தேன். 'பாஆஆம்!' என்று ஹார்ன் கேட்டது. கையில் இருந்த கரண்டி தானாக நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே அந்த ரோட்டில் இத்தனை பிள்ளைகள் வாயில் ரொட்டியோடு ஓடி வந்தார்கள்...

அடுத்த நாள் காலை குமார் வந்தார். ஹார்ன் அடித்துப் பார்த்தார். சிரித்தார். எங்கள் ஐயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் தாமான் குடியிருப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். இறங்கும்போது சிரிப்பு இல்லை.

"அங்கிள், ஸ்டீயரிங் செங்கெட்டா இருக்கே? வண்டி நேராத்தான் போகுது. ஆனா ஸ்டீயரிங் சோத்துக் கை பக்கம் சாஞ்சு நிக்குது."

"அப்படியா?" என்றார் எங்கள் ஐயா. காலண்டருக்கு அளவு நாடா பிடிக்கிறவர்!

"எங்கயாச்சும் அடிபட்ட வண்டியா, அங்கிள்? முன்னாடி ஆக்சிடென்ட் ஏதாச்சும்..."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆக்சிடென்டா? என் வண்டியா? இந்தக் கிள்ளான் ரோட்டில், மழையில், புகைமூட்டத்தில், கன்டெய்னர் லோரிக்கு நடுவில் ஓட்டினேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டதில்லை. ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. எனக்கு என்று இருக்கிற ஒரே சர்டிபிகேட் அதுதான்!

எங்கள் ஐயா நிதானமாகத் தொண்டையைச் செருமினார். "எனக்கு என்ன தெரியும், தம்பி? ஓட்டுனது நான் இல்ல. அவங்கதான்."

என்னைக் கை காட்டினார்.

குமார் என் பக்கம் திரும்பினார். "ஆன்டி? அடிபட்டிருக்கா?"

வாசகர்களே, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்? 'இல்லவே இல்லை தம்பி, பக்கத்தில் ஃபோர்மேன் இருக்கார், ஒரு நிமிஷத்தில் சரி பண்ணிடலாம்' என்று சொன்னால் அவர் நம்புவார். என் மானம் நிற்கும். வேன் போகும். சீட்டைக் கழட்டுவார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி சீட்டு முதுகில் யாரோ ஒரு குட்டிச் சாத்தான் பேனாவால் கிறுக்கின பூ இன்னும் இருக்கிறது.

"எதன்னு சொல்றது, தம்பி?" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. "எத்தனையோ நடந்திருக்கு. எல்லாம் ஞாபகமா வெச்சிருக்க முடியுமா?"

குமார் ஒரு அடி பின்னால் போனார். வேனை விட்டா, என்னை விட்டா என்று தெரியவில்லை.

"வீட்டுல கேட்டுட்டு போன் பண்றேன், ஆன்டி."

நம் ஊரில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் போனதும் ஐயா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. கோடு கீறித்தானே கழட்டினார்கள்? வேனில் ஏறி ஹார்ன் மூடியை நெம்பினேன். தண்டில் ஒரு கோடு. ஸ்டீயரிங்கில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு பல் இடைவெளி. ஒரு பல் தவறினால் கைத்தவறு. இரண்டு பல்?

"ஏங்க."

"ம்."

"கோடு சேரலையே?"

"எந்தக் கோடு?"

"அங்கிள் லிம் கீறுன கோடு."

பேப்பர் கொஞ்சம் அசைந்தது. "கண்ணாடி போடாம மாட்டிட்டேன் போல."

முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அவர் மூக்கில்தான் கண்ணாடி இருந்தது. குசினி ஜன்னலில் இருந்து நான் பார்த்தேன்.

"சரி, புல்லர் இன்னும் இங்கதான் இருக்கு. கழட்டித் திருப்பி மாட்டிடலாமா?"

"நட்டு ரொம்ப டைட்டு. இனிமே வராது."

நான் அவர் எதிரில் போய் நின்றேன். "அன்னைக்கு தேவி கேட்டப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

பேப்பரை இறக்காமலே சொன்னார். "நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

அப்புறம் அவரே எழுந்து சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "ஹார்ன் சரியா இருக்கான்னு ஓட்டித்தான் பார்க்கணும்."

அவர் பக்கத்து சீட்டில் ஏறினார். இத்தனை வருஷத்தில் நான் ஓட்டும்போது அவர் அங்கே உட்கார்ந்து வந்ததாக எனக்கு நினைவே இல்லை. எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார். ஸ்டீயரிங் சாய்ந்து நின்றது. முதல் வளைவில் கொஞ்சம் தடுமாறினேன், அப்புறம் கை பழகிக்கொண்டது. தாமானை விட்டு வெளியே வந்து, பாசாரைத் தாண்டி, என்னை அறியாமலே பழைய வழியில் திரும்பி, பள்ளிக்கூட கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கேட் பூட்டிக் கிடந்தது.

"ஏன் நிக்கிற?" என்றார்.

"பழக்கம்."

பின்னால் கதவு திறக்கும், பைகள் இடிக்கும், யாராவது ஒருத்தி மூச்சிரைக்க 'ஆன்டி, நில்லுங்க ஆன்டி' என்று கத்துவாள் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவசரப்படுத்தாமல் அவரும் கூடவே காத்திருந்தார்.

சாயங்காலம் தேவி போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, வண்டி போச்சா?"

"இல்லம்மா. வந்தவருக்குப் பிடிக்கல."

"ஏன்? என்னாச்சு?"

"உங்க அம்மா ஓட்டுன வண்டியாச்சே..." என்று பெருமூச்சு விட்டார். "அவ கை அப்படி. எங்கெங்கயோ இடிச்சு வெச்சிருக்கா."

நான் மறுக்கவில்லை. அதோடு ராவாங் பக்கம் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் – கிள்ளானில் ஒரு வேன் ஆன்டி படுமோசமாக வண்டி ஓட்டுவாள் என்று பாசார் மாலாமில் யாராவது பேசிக்கொண்டால், தயவுசெய்து என் மானத்தைக் காப்பாற்றிவிடாதீர்கள்.